கேட்டதும் கோத்ததும்: ஈய எழுத்தும் வலைக் குண்டும்

போன இதழில் பேச்சோடு பேச்சாக, ராமநாதபுரத்தில் 31 வருஷம் ஈய எழுத்து அச்சுக்கோத்தவன் நான் என்று எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஐரோப்பாவில் முதலில் அச்சான புத்தகங்களைப் பற்றித்தான். இறால் விலையும் ரேஷன் அட்டையும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

பாம்பன் வாசகி: ‘உலகின் முதல் அச்சுப் புத்தகம் எது?’ என்று வினாடி வினாவில் கேட்டார்கள். என் மகள் ‘குட்டன்பர்க் பைபிள்’ என்று எழுதினாள். மதிப்பெண் இல்லை என்றுவிட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள் அண்ணே, இது நியாயமா?

மதிப்பெண் போடாதவர் பக்கம்தான் நியாயம், தங்கச்சி. சீனாவில் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட வைர சூத்திரம் என்ற பௌத்த நூலில் தேதியே இருக்கிறது. நம் கணக்குக்கு அது 868-ம் ஆண்டு. இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கொரியாவில் 1377-லேயே உலோக எழுத்தைத் தனித்தனியாக வார்த்து, கோத்து, ‘ஜிக்ஜி’ என்ற நூலை அச்சிட்டுவிட்டார்கள். குட்டன்பர்க் பிறந்ததே 1400-ஐ ஒட்டித்தான்.

‘ஐரோப்பாவில்’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் மகளுக்கு முக்கால் மதிப்பெண்ணாவது நான் போடுவேன். கால் மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்றால், அங்கேயும் பைபிளுக்கு முன்னால் சில்லறை வேலைகள் நடந்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கான லத்தீன் இலக்கணச் சிறுநூல் ஒன்று. அப்புறம், 1454-ல் அச்சான பாவமன்னிப்புச் சீட்டுகள். சைப்ரஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து காக்கப் பணம் கொடுத்தவர்களுக்குத் தேவாலயம் தந்த சீட்டு அது. வாங்குபவர் பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு, மற்றதை அச்சடித்திருப்பார்கள். பார்த்தால் நம் ரசீதுப் புத்தகமேதான். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. எந்த அச்சகத்துக்கும் சோறு போடுவது பில் புக்குதான்; புத்தகம் பெருமைக்கு.

தொண்டி வாசகர்: சரி, அந்தப் பைபிளில் அப்படி என்னதான் விசேஷம்? வெறும் பழமைதானா?

பழமை என்றால் ஆமைகூடப் பழமைதான், தம்பி. அந்த வேலையைப் பாருங்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் 1455 வாக்கில் முடிந்தது. 1,280 பக்கத்துக்கு மேல், இரண்டு பாகம். சுமார் 180 பிரதி போட்டார்கள். முழுசாகவும் குறையாகவும் இன்று மிஞ்சியிருப்பவை 49. ஆசியாவில் டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஒரு பாகம் இருக்கிறது.

பின்னால் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவரான பிக்கோலோமினி, 1455 மார்ச்சில் ஒரு கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார். பிராங்க்ஃபர்ட்டில் அந்தப் பைபிளின் சில தாள்களைப் பார்த்ததாகவும், எழுத்து அவ்வளவு தெளிவு, கண்ணாடி இல்லாமலே உங்களால் படிக்க முடியும் என்றும் அதில் சொல்கிறார். வயசான வாடிக்கையாளருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி. அதனால்தான் ‘42 வரிப் பைபிள்’ என்று பெயர். ஆனால் ஆரம்பப் பக்கங்களை எண்ணிப் பார்த்தால் 40 வரிதான் இருக்கும். அப்புறம் ஒரு பக்கத்தில் 41. அதன் பிறகுதான் 42. நடுவில் யாரோ உட்கார்ந்து தாள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! தலைப்பு வரிகளைச் சிவப்பு மையில் அச்சிட்டும் பார்த்தார்கள். சில பக்கத்தோடு அதைக் கைவிட்டு, சிவப்பைக் கையால் எழுதிக்கொள்ளட்டும் என்று இடம் விட்டுவிட்டார்கள். ஒரே தாளை இரண்டு மைக்கு இரண்டு தடவை ஓட்டுவது எப்படிப்பட்ட தலைவலி என்று எனக்குத் தெரியும். பொங்கல் வாழ்த்துக்கே நான் பல்லைக் கடித்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லத்தீனுக்கு எழுத்து இருபத்துச் சொச்சம். குட்டன்பர்க்கோ 290 வகைக்குப் பக்கமாக அச்செழுத்து வைத்திருந்தார். ஒரே எழுத்தில் ஒல்லி, தடிமன், இரண்டெழுத்து ஒட்டினது, சுருக்கக் குறி. எதற்கு இத்தனை? கையால் எழுதுகிறவர் வரிக் கடைசியில் எழுத்தை நெருக்கியும் நீட்டியும் ஓரத்தை நேராக்குவார். அந்தக் கைவாக்கு அச்சிலும் தெரிய வேண்டும் என்று பார்த்தார். புதுப் பொருள் வந்திருக்கிறது என்று தம்பட்டம் அடிக்கவில்லை. பழைய கையெழுத்துப் பிரதியின் வேட்டி சட்டையையே அதற்குக் கட்டிவிட்டார்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒரு பக்கத்துக்குச் சுமார் 2,500 எழுத்து வேண்டும். ஒரே நேரத்தில் ஆறு பேர் வரை கோத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அச்சான பக்கத்தைக் கலைத்து, எழுத்தைப் பிரித்து, எழுத்துக்கு ஓர் அறை வைத்த மரத்தட்டான கேஸில் திரும்பப் போட்டால்தான் அடுத்த பக்கம் ஓடும். அழுத்துகிற எந்திரம் பெரிய விஷயமில்லை. திராட்சை பிழிகிற திருகுச் செக்கை அங்கே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்தது போல ஆயிரக்கணக்கான எழுத்தை வார்த்துக் குவித்ததுதான் வித்தை. எஃகுத் துண்டில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி, செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றினார் என்றுதான் எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2001-ல் பிரின்ஸ்டனில் இரண்டு பேர் எழுத்துகளைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுபோல் ஒன்று இல்லையே, மணலில் ஊற்றினாரோ என்னவோ என்று கிளப்பிவிட்டார்கள். அந்தச் சண்டை முடிந்தபாடில்லை.

எழுத்துத் தட்டுப்பாட்டுக்கு என் கதை ஒன்று. வைகாசியில் ஒரே வாரம். கோயில் நோட்டீஸ் மூன்று, கல்யாணப் பத்திரிகை ஒன்பது. கேஸில் ‘ம்’ தீர்ந்துவிட்டது. கலைப்பதற்கு நேரமில்லை. ஒரு விழாக் கமிட்டி நோட்டீஸில் இருந்த ‘மற்றும்’ எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டேன், பதினொன்று தேறியது. நோட்டீஸ் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று கமிட்டித் தலைவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

தங்கச்சிமடம், விசைப்படகு உரிமையாளர்: அப்படி ஒரு வேலை செய்தவர் கோடீஸ்வரராகப் போயிருப்பாரே?

உங்களுக்குத்தான் இந்தக் கதை நன்றாகப் புரியும். படகுக்கு அட்வான்ஸ் வாங்கினால் கொடுத்த வியாபாரியின் தராசில்தானே மீனை இறக்கியாக வேண்டும்? குட்டன்பர்க்குக்கு வாய்த்த வியாபாரி பெயர் யோகான் ஃபுஸ்ட். 1450-ல் 800 குல்டன் (அந்தக் காலத்து ஜெர்மன் காசு) கடன், அடமானம் அச்சுச் சாமான்களே. 1452-ல் இன்னொரு 800, இது ‘புத்தக வேலை’யில் கூட்டு என்ற பெயரில். பைபிள் முடிகிற சமயம் பார்த்து, வட்டியும் முதலுமாக 2,026 குல்டன் கேட்டு வழக்குப் போட்டார் ஃபுஸ்ட். 1455 நவம்பர் 6-ம் தேதியிட்ட நோட்டரிப் பத்திரம் இன்றும் இருக்கிறது. குட்டன்பர்க் அன்று நேரில் வரவில்லை, ஆட்களை அனுப்பினார். எங்கள் பக்கத்தில் இதற்கு ‘முகத்தைக் காட்டவில்லை’ என்போம்.

வழக்கு ஃபுஸ்ட் பக்கம் போனது. குட்டன்பர்க்கிடம் வேலை பார்த்த பேட்டர் ஷோஃபர் ஃபுஸ்டோடு சேர்ந்துகொண்டார், பிறகு அவர் வீட்டு மருமகனும் ஆனார். கடைசிக் காலத்தில், 1465-ல், மைன்ஸ் பேராயர் குட்டன்பர்க்குக்கு வருஷா வருஷம் தானியம், திராட்சை மது, ஒரு ஜோடி அரண்மனை உடுப்பு என்று மானியம் கொடுத்தார். 1468-ல் இறந்தார். அவர் அச்சிட்ட ஒரு தாளில்கூட அவர் பெயர் இல்லை. அச்சுக்கோப்பவன் பெயரை யார் போடுகிறார்கள், கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர்தானே வரும் என்று நானும் ஆறுதல் சொல்லிக்கொண்டது உண்டு.

திருப்புல்லாணி வாசகி: உங்கள் அச்சகத்தில் பிழையே வந்ததில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

வந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கமும் ‘மணமகள்’ என்று விழுந்துவிட்டது. தலைகீழ் எழுத்தில் ‘ன்’ எது, ‘ள்’ எது என்று இரவு பத்து மணிக்குப் பார்த்துச் சொல்லுங்கள். புரூஃபில் நானும் பார்க்கவில்லை, பெண் வீட்டாரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் 400 பத்திரிகையையும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். என் செலவில் திரும்ப அடித்தேன்.

அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் மாமனிடம் 1457-ஐச் சொல்லியிருப்பேன். ஃபுஸ்டும் ஷோஃபரும் அந்த வருஷம் ஆகஸ்ட் 14-ம் தேதி பைபிளில் வரும் சங்கீதங்கள் என்ற துதிப் பாடல்களின் புத்தகம் ஒன்றை முடித்தார்கள். ஐரோப்பாவில் அச்சிட்டவர் பெயரும் தேதியும் அச்சில் போட்ட முதல் புத்தகம் அதுதான். பெரிய முதலெழுத்துகளைச் சிவப்பிலும் நீலத்திலும் அச்சிட்ட வேலையைப் பார்த்தால் கை கூப்பத் தோன்றும். கடைசிப் பக்கத்தில் ‘எழுதுகோல் இல்லாமல், அச்சிடும் நுட்பத்தால் செய்தது’ என்ற பொருள்பட மார்தட்டுகிறார்கள். அந்த மார்தட்டலின் இரண்டாவது சொல்லிலேயே பிழை! சங்கீதங்கள் என்பதற்கான ‘ப்சால்மோரும்’, எழுத்து இடம் மாறி ‘ஸ்பால்மோரும்’ ஆகிவிட்டது. 560 வருஷத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறது. திரும்ப அடித்துக் கேட்க அங்கே தாய்மாமன் இல்லை.

கடலாடி, கல்லூரி மாணவர்: அந்தப் புத்தகங்களில் படம் உண்டா?

உண்டு. பாம்பெர்க் ஊரில் ஆல்பிரெக்ட் ஃபிஸ்டர் 1461-ல் ஒரு நீதிக்கதைப் புத்தகத்தை ஜெர்மன் மொழியில் மரச்செதுக்குப் படங்களோடு போட்டார். பின்னால் 1493-ல் நியூரம்பெர்க்கில் வந்த உலக வரலாற்றில் 1,800 படத்துக்கு மேல். ஆனால் செதுக்கிய பலகை 645 தான். ஒரே நகரத்தின் படம் வேறு வேறு நகரங்களுக்கு வரும். ஒரே முகம் பல ராஜாக்களுக்கு. சிரிக்காதீர்கள். எங்களிடம் மாட்டு வண்டி பிளாக் ஒன்றுதான் இருந்தது. கமுதி, சாயல்குடி, உங்கள் கடலாடி, எல்லா ஊர்ப் பந்தய நோட்டீஸிலும் ஓடியது அந்த ஒரே ஜோடி மாடுதான்.

கீழக்கரை வாசகர்: எங்கள் வாப்பும்மா பெட்டியில், தமிழை அரபு எழுத்தில் எழுதின அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்று இருக்கிறது. தாள் பல பிரதி போட்ட மாதிரி இருந்தாலும் எழுத்து கையால் எழுதினது போலவே இருக்கிறது. அது அச்சா, கையெழுத்தா? ஐரோப்பாவில் அரபு எப்போது அச்சானது?

பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது பாய், ஆனால் நீங்கள் சொல்வது கல்லச்சு மாதிரித் தெரிகிறது. ஜெர்மனியில் செனஃபெல்டர் 1790-களின் கடைசியில் கண்டுபிடித்த முறை. எழுத்தை ஒவ்வொன்றாக வார்க்க வேண்டாம். நல்ல கையெழுத்துக்காரர் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றிப் பிரதி எடுக்கலாம். அரபு எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மாறும், ஒன்றோடொன்று கை கோத்து நிற்கும். ஈய எழுத்துக்கு அது பெரிய சோதனை. அதனால் கிதாபுகளுக்குக் கல்லச்சு தோதாக அமைந்தது.

ஈய எழுத்திலும் முயன்றார்கள். இத்தாலியின் ஃபானோ நகரத்தில் 1514-ல் ஒரு கிறிஸ்தவ ஜெபப் புத்தகம் அரபியில் வந்தது. வெனிஸில் 1537–38 வாக்கில் பகனினோ பகனினி குர்ஆனையே அச்சிட்டார். எழுத்துப் பிழை மலிந்த வேலை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1987-ல் ஆஞ்சலா நுவோவோ என்ற ஆய்வாளர், வெனிஸை ஒட்டிய சான் மிக்கேலே தீவில் ஒரு மடத்து நூலகத்திலிருந்து ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். தீவு முழுக்கக் கல்லறைகள். நீங்கள் வாப்பும்மாவின் பெட்டியைக் கரையான் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயல்குடி வாசகர்: பனை நம் ஊரில் காடாகக் கிடக்கிறது. ஓலையில் அச்சடித்திருக்க முடியாதா?

நான் அடித்துப் பார்த்தேன். ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு ஓலையில்தான் பத்திரிகை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். டிரெடிலில், அதாவது காலால் ஓட்டுகிற அச்சு எந்திரத்தில், வைத்து மிதித்தேன். பாதி ஓலை நரம்போடு கிழிந்தது, மீதியில் மை காயாமல் விரலில் ஒட்டியது. ஓலைக்கு எழுத்தாணியால் கீறி, கரியைத் தேய்க்க வேண்டும். எழுத்து உள்ளே போய் உட்காரும். அச்சுக்கு எழுத்து மேலே உட்கார வேண்டும். இரண்டுக்கும் குணம் ஒட்டாது.

அங்கேயும் பொருள் பற்றின கவலை இருந்தது. கன்றுத் தோலில் அச்சிட்ட ஒரு பைபிளுக்குச் சுமார் 170 கன்று வேண்டும் என்பார்கள். பெரும்பாலான பிரதிகளைக் காப்பாற்றியது கந்தல் துணியை ஊறவைத்து, இடித்து, இத்தாலியில் செய்த காகிதம். எழுதுகிற மை தண்ணீர் மை, உலோகத்தில் நிற்காமல் வழுக்கும். அதற்காக ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிப் புகைக்கரி சேர்த்தார்கள். அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. என் மனைவிக்கு அது வாசனை இல்லை.

உச்சிப்புளி வாசகர்: முதல் பக்க எண் எப்போது வந்தது?

1470, கொலோன். அதுவும் பக்கத்துக்கு இல்லை, தாளுக்கு. வலது ஓரத்தில் நட்டநடுவில். அதற்கு முன்னால் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

வேதாளை வாசகி: இதெல்லாம் எங்கோ நடந்த கதை. நம் கரைக்கு என்ன ஒட்டு?

உங்கள் ஊரில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்? 1549-ல் அந்தோணி கிரிமினாலி என்ற ஏசு சபைப் பாதிரியார் கொல்லப்பட்டது வேதாளையில்தான். அவருக்குப் பிறகு இந்த முத்துக்குளித்துறைக் கரையின் பொறுப்பு அண்டிரிக் அடிகளாரிடம் வந்தது. அந்த அண்டிரிக்தான் 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். கரையில் இருந்த பரதவர்கள் அச்சு வேலைக்குப் பணம் போட்டார்கள். 1586-ல் ‘அடியார் வரலாறு’ வந்தது, 600 பக்கத்துக்கு மேல். முத்துக் குளித்த காசு ஈய எழுத்தாக மாறியது.

அதற்கும் முன்னால், 1554-ல் லிஸ்பன் நகரத்தில் ஒரு சிறு நூல் வந்தது. மொழி தமிழ், எழுத்து ரோமன், கறுப்பிலும் சிவப்பிலுமாக இரண்டு மை. அதைச் செய்ததில் கைகொடுத்தவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குருசு என்ற மூன்று தமிழர்கள். போர்த்துக்கீசியர் வைத்த பெயர்கள், ஆள் நம் பக்கத்து ஆள். மைன்ஸ் பைபிள் முடிந்து நூறு வருஷம் ஆகவில்லை. அதற்குள் ஐரோப்பிய அச்சில் தமிழ்ப் பேச்சு ஏறிவிட்டது.

‘தம்பிரான் வணக்க’த்தை உற்றுப் பாருங்கள், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிடுவது நம் வழக்கம். ஈயத்துக்குக் கிழிகிற பயம் ஏது? இருந்தும் புள்ளி வைக்கவில்லை. மைன்ஸில் கையெழுத்துக்காரரின் வேட்டி சட்டை, இங்கே ஓலைக்காரரின் வேட்டி சட்டை.

தேவிபட்டினம் வாசகர்: அப்பா காலமானார். அவருடைய அச்சகத்தைக் காலி செய்கிறோம். ஈய எழுத்து மூட்டை மூட்டையாக இருக்கிறது. வலைக்கு ஈயக்குண்டு ஊற்றுகிறவர் கிலோக் கணக்கில் கேட்கிறார். கொடுத்துவிடலாமா மாமா?

நானும் கொடுத்தவன்தான், மாப்பிள்ளை, அதனால் உனக்கு உபதேசம் செய்ய வாயில்லை. விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அச்செழுத்து சுத்த ஈயம் இல்லை. வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்திருக்கும். ஆன்டிமனி சேர்ந்தால் எழுத்து கெட்டியாக நிற்கும், ஆறும்போது சுருங்கி மூலை மழுங்காது. அதே குணம் வலைக்கு ஆகாது. குண்டைக் கயிற்றில் வைத்து நசுக்கினால் மெத்தென்று மடங்க வேண்டும். இது விரிசல் விடும். என்னிடம் வாங்கியவர் ஒரே வாரத்தில் திரும்பி வந்து திட்டினார். அப்புறம் பழைய ஈயக்குழாயோடு கலந்து உருக்கிச் சமாளித்தார். உன்னிடம் கேட்பவருக்கும் இதைச் சொல்லிவிடு, விலையைக் குறைப்பார், குறைக்கட்டும். வீட்டு அடுப்பில் மட்டும் உருக்க விடாதே. அந்தப் புகை பிள்ளைகளுக்கு விஷம். மூட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

குட்டன்பர்க் வார்த்த எழுத்தில் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. தேயத் தேய உருக்கி வேறு எழுத்தாக ஊற்றிக்கொண்டே போனார்கள். அதனால் நீ மூட்டையைக் கொடுப்பதில் தப்பொன்றும் இல்லை. அ முதல் ன வரை ஒரு வரிசை, துணைக்கால் கொம்போடு, எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்.

கேஸ் பலகைகளை என்ன செய்யப் போகிறாய் என்று நீ எழுதவில்லை. அறைகளைத் தடவிப் பார். ஓர் அறையின் விளிம்பு மட்டும் மற்றதைவிட வழவழவென்று தேய்ந்திருக்கும், உங்கப்பா விரல் அதிகம் போய்வந்த அறை. அநேகமாக அது ‘ம்’ அறையாக இருக்கும். அந்தப் பலகையை விறகுக்குப் போட்டுவிடாதே. ஒரு கார்டு போடு, நான் பஸ் ஏறி வந்து எடுத்துக்கொள்கிறேன்.